கல்வித் துறையில் ஆராய்ச்சித் திட்டம் தயாரித்தல்: பத்துபஸ்தியை முன்னிட்டு ஓர் உதாரணம்

சென்னைக்குக் கிழக்கே சுமார் 1,350 கிலோமீட்டர் தொலைவில், வங்கக் கடலில் தென் அந்தமான் தீவு அமைந்திருக்கிறது. அந்தமான் நிகோபார் யூனியன் பிரதேசத்தின் தலைநகராகிய போர்ட் பிளேர் இத்தீவில்தான் உள்ளது. 2024 செப்டம்பரில் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்னும் புதிய பெயர் அறிவிக்கப்பட்டது. நகரத்தின் குடியிருப்புகளுள் ஒன்று பத்துபஸ்தி. 2011-ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்குப்படி தீவுகளில் வாழ்ந்தோர் 3,80,581 பேர். அவர்களுள் நூற்றுக்குச் சுமார் 28 பேர் வங்காளியையும், 19 பேர் இந்தியையும், 15 பேர் தமிழையும், 13 பேர் தெலுங்கையும் தாய்மொழியாகக் கொண்டவர்கள். வெவ்வேறு மொழியினர் ஒருவரோடொருவர் பேசுவதற்கு இந்தியே பொதுமொழியாக வழங்குகிறது. இத்தகைய ஊரில் ஒரு தமிழ்ப் பிள்ளை வீட்டில் ஒரு மொழியும், தெருவில் மற்றொரு மொழியும், பாடப்புத்தகத்தில் மூன்றாவது மொழியுமாகப் பழகுவது சாதாரணக் காட்சி.

பத்துபஸ்தியில் வாழும் ஓர் ஆசிரியர் தமிழ்வழி வகுப்பு ஒன்றில் கற்பிக்கிறார் எனக் கொள்வோம். (இவ்வாசிரியரும் அவருடைய பள்ளியும் விளக்கத்தின் பொருட்டுக் கற்பனையாகக் கூறப்பட்டவை, எந்தப் பள்ளியையும் சுட்டுவன அல்ல.) வகுப்பில் பிள்ளைகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைந்து வருவதை அவர் காண்கிறார். ஆங்கில வழிக்குச் சென்ற பிள்ளைகள் சிலர் மாலையில் அவரிடம் பாடம் கேட்க வருகிறார்கள். அவர்கள் ஆங்கிலப் புத்தகத்தைத் தடையின்றி வாசிக்கிறார்கள். வாசித்ததன் பொருளைக் கேட்டால் மௌனமாக இருக்கிறார்கள். இதை ஆராய வேண்டும் என்று அவருக்குத் தோன்றுகிறது. மான்யம் கோரி விண்ணப்பம் எழுத உட்காருகிறார். முதற்படியில் அவர் இட்ட தலைப்பு இது: “அந்தமான் நிகோபார் தீவுகளில் தமிழ்வழிக் கல்வியின் பிரச்சினைகளும் அவற்றின் தீர்வுகளும்”.

இத்தலைப்பு பத்து ஆராய்ச்சிகளுக்குப் போதுமானது. ஓர் ஆராய்ச்சிக்கு உதவாதது. கல்வித் துறையில் மான்யம் கோரி வரும் திட்டங்களுள் பல இவ்வடிவில்தான் வருகின்றன. ஆசிரியரின் அக்கறையில் குறையில்லை. அக்கறையை வினாவாக மாற்றும் வேலையே செய்யப்படாமல் நின்றுவிடுகிறது.

இவ்வுதாரணத்தில் பிழை நேர்ந்தால் விளைவு காகிதத்தோடு முடியாது. மொழிச் சிறுபான்மையோர் தம் தாய்மொழியில் ஆரம்பக் கல்வி பெற வசதி செய்ய வேண்டுமென்று அரசியலமைப்பின் 350-ஏ பிரிவு கூறுகிறது; இப்பிரிவு 1956-இல் சேர்க்கப்பட்டது. அதற்கு முன்பே, 1949 ஆகஸ்டில் கூடிய மாகாணக் கல்வி மந்திரிகளின் மாநாடு, ஒரு வகுப்பில் 10 பிள்ளைகளோ பள்ளி முழுவதிலும் 40 பிள்ளைகளோ இருந்தால் தாய்மொழியில் கற்பிக்க ஓர் ஆசிரியரை நியமிக்கலாம் என்று அளவு வகுத்தது. ஆகவே வகுப்பில் எத்தனை பிள்ளைகள் உள்ளனர், அவர்கள் ஏன் குறைகின்றனர் என்னும் கேள்விகள் ஒரு வகுப்பின் உயிரோடு சம்பந்தப்பட்டவை. அரைகுறையாக நடத்திய ஆராய்ச்சியில் “தமிழ்வழிப் பிள்ளைகள் பின்தங்கியுள்ளனர்” என்று ஒரு வரி வந்துவிட்டால், அந்த வரி வகுப்பை மூடுவதற்கு ஆதாரமாகக் காட்டப்படலாம். “ஆங்கிலவழிப் பிள்ளைகளுக்குப் பொருள் விளங்கவில்லை” என்று மற்றோர் அரைகுறை வரி வந்தால், நல்ல நோக்கத்தோடு பிள்ளைகளை அங்கே சேர்த்த பெற்றோர் காரணமின்றிப் பழிக்கப்படுவர்.

வினாவைத் தீட்டுதல்

மேலே கண்ட தலைப்பைப் பிரித்துப் பார்த்தால் அதனுள் மூன்று வினாக்கள் கலந்து கிடப்பது தெரியும். பெற்றோர் தமிழ்வழியை விட்டு ஏன் விலகுகின்றனர் என்பது ஒன்று. பிள்ளைகள் எம்மொழியில் படித்தால் பொருளை நன்கு உணர்கின்றனர் என்பது இரண்டு. அரசாங்கம் என்ன செய்ய வேண்டும் என்பது மூன்று. முதலாவதற்குப் பெற்றோரைச் சந்தித்துப் பேச வேண்டும். இரண்டாவதற்குப் பிள்ளைகளைச் சோதிக்க வேண்டும். மூன்றாவது ஆராய்ச்சி வினாவே அன்று. அது முதலிரண்டின் விடை கிடைத்தபின் மற்றவர்கள் கூடி முடிவு செய்ய வேண்டிய விஷயம்.

வினா சரியானதா என்று அறிய எளிய பரீட்சை ஒன்று உண்டு. எந்த விடை வந்தால் ஆராய்வோர் தம் அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்வார் என்று கேட்க வேண்டும். அத்தகைய விடை ஒன்றும் இல்லையென்றால் அது ஆராய்ச்சியன்று, வழக்குரை. “தமிழ்வழிக் கல்வியின் அவசியத்தை நிலைநாட்டுதல்” என்பதை நோக்கமாக எழுதும் விண்ணப்பங்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. அவ்வழக்கு நியாயமாகவே இருக்கலாம். ஆனால் அதற்கு மேடைகள் வேறு உள்ளன.

ஆசிரியர் தம் மாலை வகுப்பில் கண்டதையே வினாவாக்கினார் எனக் கொள்வோம். இரண்டாம் படியில் அது பின்வருமாறு அமைகிறது: “வீட்டில் தமிழ் பேசும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள், சமமான கடினமுள்ள பத்திகளைத் தமிழ், இந்தி, ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளில் வாசிக்கும்போது, எம்மொழியில் எவ்வளவு பொருள் உணர்கின்றனர்? பள்ளியின் பயிற்றுமொழி எதுவோ அதற்கேற்ப இவ்வளவு மாறுகிறதா?” இவ்வினாவுக்கு எவ்விடை வந்தாலும் பயன் உண்டு. தமிழ்வழிப் பிள்ளைகளே தமிழில் தடுமாறுகிறார்கள் என்று தெரியவந்தால், அவ்விடை ஆசிரியருக்குக் கசப்பானதுதான். ஆனால் மறுநாள் வகுப்பில் என்ன செய்ய வேண்டும் என்பதை அதுவே காட்டும்.

முன்னோர் செய்த வேலை

திட்டத்தின் இரண்டாவது பகுதி, இவ்விஷயத்தில் முன்னமே நடந்த ஆராய்ச்சிகளைப் பற்றியது. பலர் இதை நூற்பெயர்களின் பட்டியலாக்கி விடுகின்றனர். முன்னோர் எங்கே தவறினர், எங்கே வென்றனர், அதனால் இத்திட்டம் எவ்வாறு மாற்றியமைக்கப்பட்டது என்பதைக் கூறுவதே இப்பகுதியின் வேலை. மூன்று உதாரணங்கள் போதும்.

முதலாவது, 1929-இல் வெளிவந்த ஹார்ட்டாக் குழுவின் அறிக்கை. இந்தியக் கல்வியில் “விரயம்”, “தேக்கம்” என்னும் இரு சொற்களைப் பரப்பியது அதுவே. ஆரம்பக் கல்வி முடியுமுன் பள்ளியை விட்டு நிற்பது விரயம். ஒரே வகுப்பில் ஓராண்டுக்கு மேல் தங்கிவிடுவது தேக்கம். 1922-23-இல் முதல் வகுப்பில் 100 பிள்ளைகள் இருந்தால், 1925-26-இல் நான்காம் வகுப்பில் 18 பேரே இருந்தனர் என்று குழு கணக்கிட்டது. நாடெங்கும் பேசப்பட்ட கணக்கு அது. ஆனால் குழு ஒரே பிள்ளைகளைத் தொடர்ந்து செல்லவில்லை. இரண்டு ஆண்டுகளின் வகுப்பு மொத்தங்களை ஒப்பிட்டது. முதல் வகுப்பில் அவ்வாண்டு புதிதாகச் சேர்ந்தோரும், சென்ற ஆண்டு தேறாமல் தங்கியவரும் கலந்திருந்தனர். தங்கியவர் மிகுந்தால் முதல் வகுப்பின் மொத்தம் வீங்கும். விரயமும் உள்ளதைவிட மிகுதியாகத் தோன்றும். விரயத்தையும் தேக்கத்தையும் பெயரால் பிரித்த குழு, எண்ணால் அவற்றைப் பிரிக்க இயலாது போயிற்று.

பத்துபஸ்தி ஆசிரியரும் அதே குழியின் விளிம்பில்தான் நிற்கிறார். ஐந்து ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் 22 பேர், இப்போது 11 பேர் என்று வருகைப் பதிவேடு காட்டுவதாக வைத்துக்கொள்வோம். பாதிப் பேர் ஆங்கில வழிக்குப் போய்விட்டனர் என்று அவர் எழுதினால் அது ஊகமே. சிலர் தந்தையின் உத்தியோக மாற்றத்தால் வேறு தீவுக்குப் போயிருக்கலாம். சிலர் தமிழ்நாட்டுக்குத் திரும்பியிருக்கலாம். பிறப்பு எண்ணிக்கையே குறைந்திருக்கலாம். சேர்க்கைப் பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே தொடர்ந்து, இன்று எங்கே படிக்கிறது என்று எழுதினாலன்றி விடை கிடையாது. பெரிய மாகாணத்தில் இது பெருஞ்செலவு பிடிக்கும் காரியம். 22 பெயர்களுக்கோ ஒரு நோட்டுப் புத்தகமும் சில மாலை நேரங்களுமே போதும். சிறிய இடத்தில் ஆராய்ச்சி செய்வோருக்குக் கிடைக்கும் வசதி இது.

இரண்டாவது உதாரணம் ஆப்பிரிக்காவில் நைஜீரியா நாட்டில் நடந்தது. ஈஃபே என்னும் நகரில் பேராசிரியர் பாப்ஸ் ஃபாஃபுன்வா முதலியோர் 1970-இல் ஒரு பரிசோதனையைத் தொடங்கினர். ஒரு தொகுதிப் பிள்ளைகளுக்கு ஆரம்பப் பள்ளியின் ஆறு ஆண்டுகளும் தாய்மொழியாகிய யொருபாவில் பாடங்கள் கற்பிக்கப்பட்டன; ஆங்கிலம் தனிப் பாடமாக இருந்தது. மற்றொரு தொகுதியினர், அந்நாட்டு வழக்கப்படி, முதல் மூன்று ஆண்டுகள் யொருபாவிலும் பின்னர் ஆங்கிலத்திலும் படித்தனர். ஆறு ஆண்டுகளும் யொருபாவில் படித்தோர் மற்றப் பாடங்களில் மட்டுமன்றி ஆங்கிலத்திலும் பின்தங்கவில்லை. தாய்மொழிக் கல்வியைப் பற்றிய விவாதங்களில் இன்றுவரை எடுத்துக்காட்டப்படும் முடிவு இது. எனினும் ஒரு கேள்வி உடனே எழுந்தது. பரிசோதனைத் தொகுதிக்குப் புதிய பாடப்புத்தகங்களும், ஆங்கிலத்திற்கென்று தனிப் பயிற்சி பெற்ற ஆசிரியரும் கிடைத்தனர். பலன் தந்தது மொழியா, புத்தகமா, ஆசிரியரா? இக்கேள்விக்கு விடை காணப் பின்னர் கூடுதல் தொகுதிகளைச் சேர்க்க வேண்டியதாயிற்று. ஒப்பிடும் இரு தொகுதிகளுக்கிடையே ஆராயப்படும் ஒரு வேறுபாட்டைத் தவிர மற்றவை இயன்றவரை ஒத்திருக்க வேண்டும் என்பதைக் கற்றறிந்தோரும் அனுபவத்தில்தான் உணர்கின்றனர்.

மூன்றாவது தமிழ்நாட்டைச் சேர்ந்தது. கொள்ளைநோய்க் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டதால் பிள்ளைகள் எவ்வளவு இழந்தனர் என்பதை அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளீதரன் ஆகிய மூவரும் கிராமப்புறங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைக் கொண்டு ஆராய்ந்தனர். 2021 டிசம்பரில் பிள்ளைகள் மிகவும் பின்தங்கியிருந்தனர். தமிழைவிடக் கணக்கில் இழப்பு அதிகம். பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களுக்குள் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. இந்த மீட்சியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குக்கு “இல்லம் தேடிக் கல்வி” என்னும் அரசுத் திட்டம் காரணம் என்று அவர்கள் கணித்தனர். இத்தனை உறுதியாகக் கூற முடிந்ததற்குக் காரணம், அதே கிராமங்களில் 2019-இல் எடுத்த அளவு அவர்கள் கையில் இருந்தது. நோய் வருமென்று 2019-இல் யாரும் அறியார். முன்னளவு இல்லாத இடத்தில் பின்னளவுக்குப் பொருள் குறைவு. ஆதலால் பத்துபஸ்தி ஆசிரியர் இவ்வாண்டு எடுக்கும் அளவை முறையாகப் பாதுகாப்பதாகத் திட்டத்தில் ஒரு வரி எழுதலாம். பின்னால் வரும் ஆசிரியருக்கு அது மூலதனமாகும்.

இந்தியாவில் நடந்த கல்வி ஆராய்ச்சிகளைத் தேட விரும்புவோர், எம். பி. புச் என்பவர் தொகுத்துப் பரோடாவிலிருந்து 1974-இல் முதன்முதல் வெளியான ஆராய்ச்சித் தொகுப்பிலிருந்தும், அதன் பின்வந்த தொகுதிகளிலிருந்தும் தொடங்கலாம்.

“தமிழ்ப் பிள்ளை” யார்?

இவ்வினா வேடிக்கையாகத் தோன்றலாம். தமிழ்நாட்டுக் கிராமத்தில் இதைக் கேட்க வேண்டியதில்லை. அந்தமானில் தந்தை தமிழராகவும், தாய் தெலுங்கர் அல்லது ராஞ்சிப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தவராகவும் இருப்பது உண்டு. அத்தகைய வீட்டில் இந்தியே பொதுமொழியாகிவிடுகிறது. பிள்ளையின் பெயர் தமிழ்ப் பெயர். பள்ளிப் பதிவேட்டில் தாய்மொழி தமிழ். ஆனால் தம்பியோடு சண்டை போடுவது இந்தியில். பதிவேட்டை மட்டும் நம்பினால் ஆராய்ச்சியின் அஸ்திவாரமே சாய்ந்துவிடும்.

ஆகையால் “வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை” என்பதற்குத் திட்டத்திலேயே வரையறை தர வேண்டும். தாயோடு எம்மொழியில் பேசுகிறது, உடன்பிறந்தாரோடு எம்மொழியில், பாட்டி தாத்தாவோடு எம்மொழியில் என்று மூன்று கேள்விகள் கேட்டு, அவற்றுள் இரண்டுக்கேனும் தமிழ் என்று விடை வந்தால் அப்பிள்ளையை ஆராய்ச்சியில் சேர்ப்பது என்று வகுக்கலாம். வேறு வரையறையும் செய்யலாம். எதுவாயினும் சோதனை தொடங்குமுன் எழுதிவைக்க வேண்டும். முடிவைக் கண்டபின் வரையறையை மாற்றுவது, அம்பு பாய்ந்த இடத்தைச் சுற்றி இலக்கு வரைவதற்கு ஒப்பானது.

எத்தனை பேர்?

விண்ணப்பங்களில் மாதிரியின் அளவு பெரும்பாலும் 100 என்றோ 200 என்றோ காணப்படுகிறது. ஏன் அந்த எண் என்று கேட்டால் விடை வருவதில்லை. ஒரு பெரிய ஜனத்தொகையிலிருந்து குலுக்கல் முறையில் 100 பேரை எடுத்து, அவர்களுள் பாதிப்பேர் ஒரு கேள்விக்குச் சரியாக விடையளித்தால், உண்மை விகிதம் நூற்றுக்கு 40-க்கும் 60-க்கும் இடையில் இருக்கும் என்று ஓரளவு நம்பிக்கையோடு கூறலாம். 400 பேரை எடுத்தால் இவ்விடைவெளி 45-க்கும் 55-க்கும் இடையே சுருங்கும். 25 பேரே என்றால் 30-லிருந்து 70 வரை விரியும். அதாவது, பிழையைப் பாதியாகக் குறைக்க வேண்டுமானால் பிள்ளைகளின் எண்ணிக்கையை நான்கு மடங்காக்க வேண்டும்.

மற்றொரு சங்கடமும் உண்டு. ஒரே வகுப்பில் இருக்கும் 30 பிள்ளைகள் 30 தனித்தனிச் சான்றுகள் ஆகார். ஒரே ஆசிரியர், ஒரே கரும்பலகை, ஒரே கால அட்டவணை. ஒரு தமிழ்வழி வகுப்பையும் ஓர் ஆங்கிலவழி வகுப்பையும் ஒப்பிடுபவர் இரண்டு மொழிகளை ஒப்பிடுவதாக நினைக்கிறார். உண்மையில் அவர் ஒப்பிடுவது இரண்டு ஆசிரியர்களையாக இருக்கலாம். கல்வி ஆராய்ச்சியில் மிகவும் பரவலாகக் காணப்படும் பிழை இதுவே எனலாம்.

பத்துபஸ்தியிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் தகுதியுள்ள பிள்ளைகள் ஐம்பது அறுபது பேரே தேறக்கூடும். அங்கே மாதிரி எடுப்பதில் பொருளில்லை, எல்லோரையும் சோதித்துவிடலாம். மேலும், ஒரு பிள்ளையை மற்றொரு பிள்ளையோடு ஒப்பிடாமல், அதே பிள்ளையின் தமிழ் வாசிப்பை அதன் இந்தி, ஆங்கில வாசிப்புகளோடு ஒப்பிடலாம். அப்போது குடும்ப வருமானம், புத்திக்கூர்மை, பெற்றோரின் படிப்பு ஆகியவை தராசின் எல்லாத் தட்டுகளிலும் சமமாக நிற்கும். சிறிய எண்ணிக்கைக்கு இதைவிடப் பொருத்தமான முறை அரிது. பயிற்றுமொழிக்கேற்ப வேறுபாடு உண்டா என்னும் இரண்டாவது வினாவுக்கு மட்டும் இவ்வசதி கிட்டாது. ஆங்கில வழியைத் தேர்ந்தெடுக்கும் குடும்பங்கள் வேறு பலவற்றிலும் வேறுபட்டவை. அவ்விடத்தில் பெற்றோரின் படிப்பையும் தொழிலையும் கேட்டுப் பதிவு செய்து, முடிவை அடக்கமாகக் கூறுவதைத் தவிர வழியில்லை. இக்குறையைத் திட்டத்திலேயே ஒப்புக்கொள்வது பலவீனம் அன்று. பரிசீலிக்கும் நிபுணர்கள் அதைத்தான் முதலில் தேடுவார்கள்.

வாசிப்புச் சோதனை

மூன்று மொழிகளில் சமமான பத்திகளை அமைப்பது, மொழிபெயர்ப்போடு பழகியவர்களுக்குத் தெரியும், இலேசான காரியம் அன்று. நிமிடத்திற்கு எத்தனை சொற்கள் வாசிக்கிறது என்று பிள்ளையை அளப்பது ஆங்கிலப் பள்ளிகளில் தோன்றிய வழக்கம். அதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் தமிழ்ப் பிள்ளைக்கு அநீதி நேரும். “வந்துகொண்டிருந்தான்” என்பது தமிழில் ஒரே சொல். அதே கருத்து இந்தியில் மூன்று சொற்களாகவும், ஆங்கிலத்தில் மூன்று சொற்களாகவும் பிரிந்து நிற்கும். ஒரே வேகத்தில் ஒரே செய்தியை வாசித்த பிள்ளை, சொற்கணக்கில் தமிழில் மட்டும் பின்தங்கியதாகத் தோன்றும். ஆகவே சொற்களின் எண்ணிக்கையை விட்டு, பத்தியின் பொருளைப் பற்றிய கேள்விகளுக்குப் பிள்ளை அளிக்கும் விடைகளைக் கொண்டு அளப்பதே நேர்மையானது. அவ்விடைகளையும் பிள்ளை தனக்கு எளிதான எம்மொழியிலும் கூறலாம் என்று விட்டுவிட வேண்டும். ஆங்கிலப் பத்தியின் பொருளை ஆங்கிலத்தில்தான் சொல்ல வேண்டுமென்றால், வாசித்துப் புரிந்துகொள்ளும் திறமையும் பேசும் திறமையும் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

பத்தியின் பொருள் பிள்ளைக்குப் பழக்கமானதாயிருப்பது அவசியம். அந்தமானில் ரயில் கிடையாது. ரயில் நிலையத்தைப் பற்றிய பத்தியில் ஒரு தீவுப்பிள்ளை தடுமாறினால் அதற்கு மொழி காரணமாகாது. கப்பல்துறை, தென்னந்தோப்பு, மழைநாளில் பள்ளிக்குப் போவது, கடலில் வலை வீசுவது போன்றவை தகுந்தவை.

ஒரே பத்தியை மூன்று மொழிகளிலும் கொடுத்தால், முதலில் வாசித்ததன் நினைவைக் கொண்டே பிள்ளை மற்ற இரண்டுக்கும் விடை சொல்லிவிடும். எனவே மூன்று வெவ்வேறு பத்திகளை எழுதி, ஒவ்வொன்றையும் மூன்று மொழிகளிலும் அமைத்து ஒன்பது தாள்கள் தயாரிக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று தாள்கள்: மொழியும் வேறு, பத்தியும் வேறு. எந்தப் பிள்ளைக்கு எந்தப் பத்தி எம்மொழியில் வரும், எம்மொழி முதலில் வரும் என்பதைச் சீட்டுக் குலுக்கி நிர்ணயிக்க வேண்டும். மூன்று மொழிகளை வரிசைப்படுத்த ஆறு வழிகள் உள்ளன. ஆறும் ஏறக்குறையச் சமமாக வரும்படி பார்த்துக்கொண்டால், கடைசித் தாளில் பிள்ளை களைத்துப்போவதால் வரும் குறை எல்லா மொழிகளுக்கும் பங்கிடப்படும்.

சோதனைத் தாள்களை முதலில் ஆராய்ச்சியில் சேராத ஐந்தாறு பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்ப்பது நல்லது. எல்லோரும் சரியாக விடையளிக்கும் கேள்வியும், ஒருவரும் விடையளிக்காத கேள்வியும் எதையும் அளப்பதில்லை, அவற்றை நீக்கிவிடலாம். விடைகளுக்கு மதிப்பெண் இடுவோர் இருவராக இருந்து, ஒருவர் இட்டதை மற்றவர் பாராமல் தனித்தனியே இட வேண்டும். இருவரும் பெரும்பாலும் ஒத்துப்போகவில்லையென்றால் குறை பிள்ளைகளிடம் இல்லை.

பெற்றோரைக் கேட்டல்

பெற்றோர் ஏன் விலகுகின்றனர் என்னும் வினாவை ஆசிரியர் தம் திட்டத்தில் சிறு துணைப்பகுதியாக வைத்துக்கொள்ளலாம். அங்கே இரண்டு பொறிகள் உள்ளன. தமிழ்வழியில் இன்னும் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோரையே சந்திப்பது எளிது. அவர்கள் பள்ளிக்கு வருகிறார்கள். ஆனால் அவர்கள் விலகாதவர்கள். விலகியவர்களின் காரணத்தை விலகாதவர்களிடம் கேட்டுப் பயனில்லை. சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து ஒவ்வொரு பிள்ளையாகத் தொடரும் முறை இங்கேயும் கைகொடுக்கும்.

அடுத்த பொறி கேட்பவரிடமே உள்ளது. “தமிழை ஏன் கைவிட்டீர்கள்?” என்று ஒரு தமிழாசிரியர் வீடு தேடிச் சென்று கேட்டால், தேநீர் கிடைக்கும், உண்மை கிடைக்காது. கேள்வியிலேயே குற்றச்சாட்டு இருக்கிறது. “பிள்ளையை எப்பள்ளியில் சேர்ப்பது என்று யோசித்தபோது என்னென்ன பார்த்தீர்கள்?” என்று தொடங்குவது மேல். பேருந்து வசதி, மூத்த பிள்ளை படிக்கும் பள்ளி, மேல்வகுப்புகளில் தமிழ்வழி தொடருமா என்னும் சந்தேகம் ஆகியவை அப்போது தாமாகவே வெளிவரக்கூடும். இப்பேட்டிகளை வேறு பள்ளியைச் சேர்ந்தவரோ, காராசர்மாவில் உள்ள மாவட்டக் கல்வி பயிற்சி நிறுவனத்தின் ஆசிரிய மாணவர்களோ நடத்தினால் விடைகள் இன்னும் நம்பத்தக்கவையாகும்.

அனுமதி, காலம், செலவு

பிள்ளைகளைச் சோதிக்குமுன் கல்வித் துறையின் எழுத்து மூலமான அனுமதியும், ஒவ்வொரு பிள்ளையின் பெற்றோரிடம் சம்மதமும் பெற வேண்டும். சம்மதக் கடிதம் பெற்றோர் படிக்கக்கூடிய மொழியில் இருப்பது அவசியம். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். பெற்றோர் சம்மதித்தும் பிள்ளை வேண்டாமென்றால் விட்டுவிட வேண்டும். தாள்களில் பெயருக்குப் பதிலாக எண் இருக்கட்டும். ஐம்பது பிள்ளைகளே உள்ள இடத்தில் “தாய் தெலுங்கர், தந்தை கப்பல் தொழிலாளி, ஐந்தாம் வகுப்பு” என்று அறிக்கையில் எழுதினால் ஊரில் எல்லோருக்கும் அப்பிள்ளை இன்னாரென்று தெரிந்துவிடும். பெயரை மறைத்தது போதாது. அடையாளத்தையும் மறைக்க வேண்டும்.

முதற்படித் தலைப்பு “அந்தமான் நிகோபார் தீவுகள்” முழுவதையும் தழுவி நின்றது. 1964-ஆம் ஆண்டின் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் பின்னர் இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் சில, ரப்பர் தோட்ட வேலைக்காகக் கச்சால் தீவில் குடியமர்த்தப்பட்டன. அவர்களுடைய பிள்ளைகளின் மொழிநிலை ஆராயத்தக்கதே. ஆனால் கச்சால் நிகோபார் தொகுதியைச் சேர்ந்தது. பழங்குடியினரின் பாதுகாப்புக்கான 1956-ஆம் ஆண்டு ஒழுங்குவிதியின்படி அங்கே செல்லத் தனி அனுமதி வேண்டும். கப்பலோ வானிலையைப் பொறுத்தது. ஓர் ஆசிரியர் தம் விடுமுறைக்குள் செய்யக்கூடிய வேலை அது அன்று. தென் அந்தமானோடு நிறுத்திக்கொள்வதே விவேகம்.

காலத்தைப் பன்னிரண்டு மாதங்களாகக் கொண்டால், முதல் மூன்று மாதங்கள் தாள்கள் தயாரிக்கவும் அனுமதி பெறவும் கழியும். தென்மேற்குப் பருவமழை மே மாதத்திலேயே தொடங்கிவிடும். அதன் பின் வடகிழக்குப் பருவமழையும் வரும். பெருமழை நாட்களில் வருகை குறைவதால் சோதனைக்கு ஜனவரி, பிப்ரவரி மாதங்களே சிறந்தவை. ஆண்டுத் தேர்வுக்கு நெருங்கிய வாரங்களை மட்டும் ஒதுக்கிவிட வேண்டும். ஆய்ந்து எழுதுவதற்கு விண்ணப்பதாரர்கள் வழக்கமாக ஒரு மாதம் ஒதுக்குகின்றனர். மூன்று மாதங்களாவது வேண்டும்.

செலவுக் கணக்கில் ஒவ்வோர் இனமும் ஏதேனும் ஒரு வேலையோடு இணைந்திருக்க வேண்டும். ஒன்பது தாள்களை அச்சிடும் செலவு, இந்திப் பத்திகளைச் சரிபார்ப்பவருக்கும் மதிப்பெண் இடும் இருவருக்கும் மதிப்பூதியம், பேட்டியாளரின் போக்குவரத்து, அறிக்கையின் தமிழ்ப் பிரதிகள். கணினி வாங்குவதற்கு மான்யத்தில் பெரும்பங்கு கேட்கும் விண்ணப்பங்கள் சந்தேகத்தோடு நோக்கப்படுவதில் வியப்பில்லை.

இத்தகைய திட்டங்களைத் தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் கழகத்திற்கு அனுப்பலாம். 1961-இல் தொடங்கப்பட்ட அக்கழகத்தில், கல்வி ஆராய்ச்சிகளுக்கு மான்யம் வழங்க 1974-இல் தனிக் குழு அமைக்கப்பட்டது. 1969-இல் நிறுவப்பட்ட இந்தியச் சமூக விஞ்ஞான ஆராய்ச்சிக் கழகமும் மான்யம் அளிக்கிறது. விண்ணப்ப விதிகள் அவ்வப்போது மாறுவதால் அவ்வாண்டின் அறிவிப்பைப் பெற்றுப் பார்த்தே எழுத வேண்டும். 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, இயன்றவரை ஐந்தாம் வகுப்பு வரையிலேனும் வீட்டு மொழியோ தாய்மொழியோ பயிற்றுமொழியாக இருக்க வேண்டுமென்று கூறுவதால், ஐந்தாம் வகுப்பைத் தேர்ந்ததற்கு உரிய காரணத்தை ஆசிரியர் அதிலிருந்தே எடுத்துக் காட்டலாம்.

திட்டத்தின் சுருக்கம் முதற்பக்கத்தில் வந்தாலும் எழுதப்படுவது கடைசியில்தான். பத்துபஸ்தி ஆசிரியரின் கடைசிப் படியில் தலைப்பும் சுருக்கமும் பின்வருமாறு அமையலாம்: “தென் அந்தமானில் வீட்டில் தமிழ் பேசும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் மும்மொழி வாசிப்பில் பொருளுணர்வு. பத்துபஸ்தியிலும் அதனை அடுத்த பகுதிகளிலும் உள்ள, வரையறைக்கு உட்பட்ட எல்லாப் பிள்ளைகளும் மூன்று மொழிகளில் சோதிக்கப்படுவர். ஒவ்வொரு பிள்ளையின் அளவும் அதன் மற்ற இரு மொழி அளவுகளோடு ஒப்பிடப்படும். தமிழ்வழியில் முதல் வகுப்பில் சேர்ந்தோர் ஐந்து ஆண்டுகளுக்குப் பின் எங்கே படிக்கின்றனர் என்பது பதிவேட்டின் வழியே ஒவ்வொருவராகக் கண்டறியப்படும். பயிற்றுமொழிகளில் எது சிறந்தது என்று இவ்வாராய்ச்சி தீர்ப்பளிக்காது. முடிவுகள் முதலில் பெற்றோருக்கும் வகுப்பாசிரியர்களுக்கும் தமிழிலும் இந்தியிலும் அறிவிக்கப்பட்டு, பின்னரே துறைக்கு அனுப்பப்படும்.”